கீழ் ஓரத்துப் பழுப்பு

படத்தைக் கொண்டு வந்த மருந்துக்கடைக்காரம்மா இரண்டு வேலை சொன்னார். ஒன்று, அழுக்கு போக வேண்டும். இரண்டு, கீழ் ஓரத்தில் பழுப்பாக இரண்டு திட்டு இருக்கிறதே, அது அப்பாவின் கை வேலைதானா, பிற்பாடு வேறு யாராவது பூசியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாராவது என்றால் எடுத்துவிட வேண்டும்.

முதல் வேலையை நின்றபடி சொன்னவர், இரண்டாவதைச் சொல்ல உட்கார்ந்துகொண்டார்.

செப்பனிடுகிறவள் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். சின்னப் படம், இரண்டு கையாலும் பிடித்தால் மடிக்குள் அடங்கிவிடும். ஓர் ஆறு, அதில் ஒரு படகு. வெள்ளைத் தொப்பி வைத்த பெண் நிதானமாக உட்கார்ந்து, சற்றே கீழே பார்த்துச் சிரிக்கிறாள். அவள் தோளுக்கு அப்பால், படகின் நுனியில், சிவப்புச் சட்டை போட்ட ஒரு குழந்தை. மற்றதெல்லாம் வெயிலும் தண்ணீரும். கிட்டே போனால் எல்லாம் வெறும் தீற்றல். மூன்று எட்டுப் பின்னால் வந்தால் ஆறு ஓடத் தொடங்கியது.

"குழந்தை நான்தான். மூணு வயசு. ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

அப்பா தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவார். இந்தப் படத்தை வரைந்த வருஷமே இறந்துவிட்டார். அம்மா அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் இருந்தார். படம் கூடத்தில் தொங்கியது. கூடத்துக்கு வருகிறவர்களில் அத்தையும் ஒருவர், அப்பாவின் அக்கா. அத்தையின் வாய்க்குக் கதவும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. அந்தப் பழுப்பு இன்னொரு படகின் மூக்கு என்பது அத்தையின் கட்சி. தம்பி பாவம் கரையில் உட்கார்ந்து வரைகிறான், இவள் எவன் படகையோ பார்த்துப் பல்லைக் காட்டுகிறாள், அவனும் வெள்ளந்தியாக அதையும் சேர்த்து வரைந்து வைத்திருக்கிறான். பண்டிகை, துக்கம் என்று பாராமல் எல்லா நாளும் இதே பாட்டு. அம்மா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. சமையல்கட்டுக்குள் போய்விடுவார். மகள் பெரியவளான பிறகு ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று. அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழுந்து போனார். உலையே வைக்கவில்லை.

"அந்தத் திட்டு மட்டும் அப்பா போட்டதில்லன்னா போதும். அத்தைக்கு எண்பத்தெட்டு ஆகுது. அவங்க இருக்கும்போதே சொல்லிடணும்."

அம்மா யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பது தன் வேலைக்குள் வராது என்று செப்பனிடுகிறவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை பிடித்துப்போன ஆள் அவள். காலையில் வந்ததும் பட்டறைக் கதவைச் சாத்துவாள், தலையில் பூதக்கண்ணாடியை மாட்டுவாள், குச்சியில் பஞ்சு சுற்றுவாள். கைவிரல் அகலம் சுத்தம் செய்தால் அரை மணி. அழுக்குக்கு அடியிலிருந்து நீலம் வந்தது, பிறகு ஒரு மஞ்சள், பிறகு யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு ரோஜா நிறம். தொப்பியின் நிழல் அது.

நான்காம் நாள் கீழ் ஓரத்துக்கு வந்தாள். புற ஊதா விளக்கைப் போட்டாள். படம் முழுவதும் பச்சையாக மினுங்க, திட்டுகள் இரண்டும் கறுப்பாக நின்றன. அப்படியானால் வார்னிஷுக்கு மேலே வந்தவை. அந்தப் பழுப்பு படத்தில் வேறெங்கும் இல்லை. தண்ணீரிலும் இல்லை, படகிலும் இல்லை, குழந்தையின் தலைமுடியில்கூட இல்லை. பஞ்சு பட்டதும் இளகியது. மூன்று சாட்சியும் ஒரே பக்கம் பேசின. அறிக்கைத் தாளில் எழுதினாள்: பிற்சேர்க்கை, வேறு கை.

நிழற்படம் எடுத்துக்கொண்டாள். இடப்பக்கத் திட்டில் தொடங்கினாள். ஒன்றரை நாள் ஆயிற்று. அடியில் வெறும் தண்ணீர், சாம்பலும் பச்சையும் கலந்த கலங்கல் தண்ணீர். நன்றாகத்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரம்மாவுக்குப் போன் செய்து, பாதி முடிந்தது, அது உங்கள் அப்பா கை இல்லை என்று சொன்னாள்.  அவர் நன்றி என்றார், அத்தையிடம் தானே சொல்வதாகச் சொன்னார், முழுக்க முடிந்ததும் சொல்வதாக.

வலப்பக்கத் திட்டுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்த மத்தியானத்தில் அவள் தம்பி வந்தான்.

தம்பிக்கு ஆற்றங்கரையில் படகு வாடகைக்கு விடுகிற தொழில். பன்னிரண்டு படகு. துடுப்புப் போடத் தெரியாமல் வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவன்தான். அக்காவிடம் மிச்சமாகும் வார்னிஷை வாங்கிப் போக மாதம் ஒருமுறை வருவான். அவள் கொடுப்பது ஒரு கைப்பிடி டப்பா, அதற்கு அவன் பேசுவது ஒரு படகு கொள்ளும்.

"அக்கா, உன் வார்னிஷைப் பூசினதிலேர்ந்து ஏழாம் நம்பர் படகுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. கண்டவனை ஏத்த மாட்டேங்குது."

டப்பா அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு கிளம்பு என்றாள் அவள் திரும்பாமலே. அவன் கிளம்பவில்லை. கதவருகே நின்றபடி அவள் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தான். சிரித்தான்.

என்னடா என்றாள்.

"இந்தம்மா புதுசு. தோளைத் தூக்கிக்கிட்டு வலிக்கிறாங்க பாரு."

"எதை வலிக்கிறாங்க?"

"துடுப்பைத்தான். வேற என்னத்தை வலிப்பாங்க?"

படத்தில் துடுப்பே இல்லை என்றாள் அவள். அவன் பக்கத்தில் வந்து, சுட்டிக்காட்ட விரலை நீட்டினான். அவள் அந்த விரலைத் தட்டிவிட்டாள். கிட்டே வந்ததும் அவனுக்கும் துடுப்பு காணாமல் போய்விட்டது. முனகிக்கொண்டு மறுபடி கதவருகே போனான். அங்கிருந்து பார்த்தால் இருக்கிறது என்றான். மடிக்கு இரண்டு பக்கமும் வெளிர்மஞ்சளாக இரண்டு கோடு. ஆறு நாளாக அவள் அதைப் பாவாடை மடிப்பில் விழுந்த வெயில் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அது சரி, ஒரு முட்டியை மட்டும் வரைஞ்சுட்டு விட்டுட்டானே. இடது எங்க?"

"எந்த முட்டி?"

"கீழ பழுப்பா இருக்கே, அது வலது முட்டி. பின்பலகையில உக்காந்திருக்கிறவனோடது. நான் பொழுது விடிஞ்சா பொழுது போனா பாக்கிறதே இதைத்தானே அக்கா. எதிர்ல ஒரு முகம், அது பின்னால தூக்கிக்கிட்டு நிக்கிற நுனி, கீழ என்னோட ரெண்டு முட்டி."

அவள் பஞ்சுக் குச்சியைத் தட்டில் வைத்தாள். கை வைத்த இடத்தில் அது நிற்காமல் உருண்டது.

அப்படியெல்லாம் இல்லை, கரையிலிருந்து வரைந்த படம் என்றாள். அந்தக் குடும்பமே அப்படித்தான் சொல்கிறது என்றாள். தம்பி டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினான். படம் வரைவதில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பெண்ணும் மூணு வயசுக் குழந்தையும் மட்டும் உட்கார்ந்த படகு இப்படி மூக்கைத் தூக்காது. பின்னால் ஒரு கனம் இருந்தால்தான் தூக்கும். எழுபது கிலோவுக்குக் குறையாது. அப்புறம், துடுப்பு வலிக்கிறவர்கள் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். வலிக்கிறவர் முகம் நேராகத் தெரிகிறது என்றால், பார்க்கிறவன் பின்பலகையில் இருக்கிறான். கரையிலாவது, மண்ணாங்கட்டியாவது.

"அக்கா, இடது முட்டி எங்கன்னு கேட்டேன்."

"எடுத்துட்டேன்."

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டான். காலையில் துறைக்கு வந்தால் படகிலேயே காட்டுவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

மறுநாள் விடிந்ததும் அவள் ஆற்றங்கரையில் இருந்தாள். படத்தின் அளவுக்கு நடுவில் வெட்டி எடுத்த ஓர் அட்டையைக் கொண்டு போயிருந்தாள், சட்டம் போல. தம்பி அவளைப் பின்பலகையில் உட்கார வைத்து, நடுப்பலகையில் தான் உட்கார்ந்து வலித்தான். நுனியில், குழந்தையின் கனத்துக்கு, ஒரு மண்மூட்டை. கரையை விட்டு நகர்ந்ததும் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

சட்டத்துக்குள் தம்பியின் முகம். அவன் கையில் துடுப்பின் கைப்பிடிகள், வெயிலில் வெளிறி, வெறும் இரண்டு கோடாக. படகின் பக்கப்பலகைகள் அவளை நோக்கி அகன்று வந்து, பக்கத்தில் வர வர உருவழிந்து, தண்ணீரின் நெளிவோடு கலந்துபோயின. மண்மூட்டைக்குப் பின்னால் நுனி தூக்கி நின்று எதிர்க்கரையைப் பாதி மறைத்தது. அவள் அதையும் ஆறு நாளாகப் பார்த்திருக்கிறாள். கரைமேட்டின் நிழல் என்று அறிக்கையில் எழுதியும் வைத்திருக்கிறாள்.

அட்டையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். கீழ் ஓரத்தில் அவளுடைய இரண்டு முட்டிகளும் வந்தன.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. திறக்காத பூட்டு திறந்தால் வருமே, அந்தச் சந்தோஷம். அடுத்த கணமே, தான் துடைத்தெடுத்த திட்டு நினைவுக்கு வந்தது.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பழுப்பு ஏன் பிறகு வந்தது? கைப்பையை மடியில் வைத்து, அதைப் பலகையாக நினைத்துக்கொண்டு, வரைவதுபோலக் கையை அசைத்துப் பார்த்தாள். முட்டி தெரியவில்லை. மடியில் படம் இருந்தால் முட்டியை அதுவே மறைத்துவிடும். அவர் படகில் மற்ற எல்லாவற்றையும் வரைந்திருக்கிறார். வீட்டுக்குப் போய், காய்ந்து, வார்னிஷ் அடித்து, மாட்டிப் பார்த்த பிறகு, தான் அதில் இல்லை என்று தோன்றியிருக்கிறது. தன் பேண்ட் நிறத்தைக் குழைத்துக் கீழே இரண்டு இழுப்பு.

பிறகு வந்தது என்றால் வேறு கை என்பது அவள் பட்டறைப் பழக்கம். இருபது வருஷத்தில் அது ஒருமுறையும் அவளைக் கைவிட்டதில்லை.

"திரும்பலாமா?" என்றான் தம்பி.

"இன்னும் கொஞ்சம் போ."

அவன் வலித்தான். மருந்துக்கடைக்காரம்மாவிடம் சொல்லாமலே திரும்ப வரைந்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கொஞ்ச தூரம் போனதும் கேட்டான். நிழற்படம் இருக்கிறதே. அவள் அதை ராத்திரியே யோசித்து முடித்திருந்தாள். செய்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மா அத்தையிடம் போய், திட்டு அப்பாவுடையது இல்லை என்று சொல்வார். அம்மா யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பது மட்டும் அவருக்கு ஒருநாளும் தெரியாமலே போகும். தனக்குத் தெரியும், படகுக்காரனுக்குத் தெரியும், பெற்ற மகளுக்குத் தெரியாது.

"கரைக்கு விடுடா" என்றாள்.

மருந்துக்கடைக்காரம்மா பதினோரு மணிக்கு வந்தார். அவள் நாற்காலியைக் கதவருகே போட்டு, அங்கேயே உட்காரச் சொன்னாள். நிழற்படத்தைக் கையில் கொடுத்தாள். படகு விடுகிற தன் தம்பி கண்டதை, துடுப்பு, நுனி, முட்டி என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பிறகு, நிறுத்தாமல், இடது முட்டியைத் தான் அழித்துவிட்டதையும் சொன்னாள். தவறு தன்னுடையது என்றாள். படத்தை வேறு இடத்துக்கு எடுத்துப் போவதானால் இதுவரை செய்தது எல்லாவற்றையும் எழுதித் தருவதாகச் சொன்னாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. முப்பது வருஷம் மருந்துச் சீட்டில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவர், அவசரப்பட மாட்டார். நிழற்படத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி நிழற்படத்தை. ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா துடுப்புப் போட்டது நிச்சயமா? நிச்சயம். அப்பாவும் அம்மாவும் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? கையை நீட்டினால் தொடலாம்.

"அம்மாவுக்குத் துடுப்புப் போடத் தெரியும்னே எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில்.

கைப்பையிலிருந்து போனை எடுத்தார். செப்பனிடுகிறவள் வெளியே போக எழுந்தாள். இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டார். அத்தைக்குக் காது மந்தம், இங்கே எல்லாரும் கத்தித்தான் ஆக வேண்டும்.

அத்தையிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்க மூன்று தடவை ஆயிற்று. புரிந்ததும் அத்தை சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"யாரு, அவனா? படகுலயா? நல்லா கயிறு திரிக்கிறீங்கடி. பாலத்துல நடக்கவே என் கையைப் பிடிச்சுக்கிறவன். தண்ணியைக் கண்டா அவனுக்கு உதறல். அவன் எங்க படகேறினான்?"

மருந்துக்கடைக்காரம்மா செப்பனிடுகிறவளைப் பார்த்தார்.  நுனி தூக்கியிருக்கிறது, அது பொய் சொல்லாது. ஆனால் உட்கார்ந்திருந்த எழுபது கிலோ யாருடையது என்று நுனிக்குத் தெரியாது. அந்த முட்டி அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பின்பலகையில் வேறு எவனாவது உட்கார்ந்திருக்கலாம். அத்தைக்கு அது இன்னும் வசதி.

அந்த அம்மாவுக்கும் அது புரிந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை. நிழற்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"அத்தை, பயந்தா அப்பா என்ன பண்ணுவார்?"

"என்ன பண்ணுவான். வாயைத் திறந்து சொல்ல மாட்டான். முட்டி ரெண்டையும் இறுக்கி ஒட்ட வெச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காருவான். ராட்டினத்துல ஏத்தினா அப்படித்தான். எங்கம்மா கேலி பண்ணி..."

அத்தை பேச்சைப் பாதியில் விட்டார்.

நிழற்படத்தில் பழுப்பு இரண்டும் நடுவில் ஒரு மயிரிழை விட்டு ஒட்டிக்கிடந்தன. செப்பனிடுகிறவள் அந்த மயிரிழையை நன்றாக அறிவாள். அதைத் தாண்டி வலப்பக்கம் போய்விடாமலிருக்க அரை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறாள்.

"எப்படி இருக்கு?" என்றது போன். குரல் இறங்கியிருந்தது. "முட்டி."

"ஒட்டி இருக்கு அத்தை."

 அந்தப் பக்கத்தில் ஒரு பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. அத்தை மூச்சு விட்டார், அல்லது நாற்காலி மாறி உட்கார்ந்தார்.

"அவன் அப்படி உக்காந்தா யாருக்கும் சிரிப்பு வரும்" என்றார்.

மருந்துக்கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

அத்தை படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இந்த வாரமே. யாராவது வந்து கூட்டிப் போங்கள் என்றார், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் தன்னால் மாடி ஏற முடியும் என்றார். அப்போது அந்த அம்மா, ஒரு முட்டி இப்போது இல்லை, நான்தான் எடுக்கச் சொன்னேன் என்றார். செப்பனிடுகிறவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இல்லம்மா. அவங்க பாத்துச் சொல்லுன்னுதான் சொன்னாங்க. தப்பாச் சொன்னது நான்."

"நீ யாரும்மா?"

"படத்தைச் சரி பண்றவ."

"சரி பண்ற லட்சணம் தெரியுது. திரும்பப் போட வருமா?"

"போடலாம். ஆனா அது என் கை. அவர் கை இல்ல. கிட்ட வந்து பாத்தா தெரியிற மாதிரிதான் போடுவேன்."

"கிட்ட வந்து பாக்க எனக்குக் கண்ணு எங்க இருக்கு" என்றார் அத்தை. "ஒட்டிப் போடு. விலக்கிப் போட்டுடாத. அவன் இல்லன்னு ஆயிடும்."

படத்தை வேறெங்கும் கொண்டு போகவில்லை. மருந்துக்கடைக்காரம்மா படியிறங்கும்போது பாதியில் நின்று, படகுக்காரத் தம்பி எந்தத் துறையில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். அறிக்கைத் தாளை எடுத்து, வேறு கை என்ற இரண்டு சொல்லை, அழித்ததும் தெரியும்படி, ஒரே கோட்டால் அடித்தாள். அதன் மேலே, அதே கை என்று எழுதினாள். அடுத்த வரியில் இடது முட்டி அழிந்த விவரத்தைத் தேதியோடு எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு பழுப்பைக் குழைக்க உட்கார்ந்தாள். வலது முட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு தடவை குழைத்தும் அந்தப் பழுப்பு வரவில்லை. பன்னிரண்டாவதற்குக் கொஞ்சம் பச்சை சேர்த்தாள்.